முதுமை மறதியும் வீட்டில் பார்த்துக்கொள்கிறவர்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் ஏறத்தாழ 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது 88 லட்சம் பேருக்கு, டிமென்ஷியா என்னும் ஞாபக மறதி நோய் இருக்கும் என்று 2023இல் வெளியான தேசிய அளவிலான ஆய்வு ஒன்று மதிப்பிட்டது. அந்தக் கணக்கை அப்படியே போட்டால், அறுபது தாண்டியவர்கள் நூறு பேர் வசிக்கும் ஒரு சென்னைத் தெருவில் ஏழு பேருக்கு இது இருக்க வேண்டும். எந்த ஏழு பேர் என்று அந்தத் தெருவில் யாருக்கும் தெரியாது. கீழே இருப்பவை அந்த வீடுகளிலிருந்து வரும் கேள்விகள். மருந்தைப் பற்றிக் கேட்பதைவிட மனிதர்களைப் பற்றித்தான் அதிகம் கேட்கிறார்கள்.

அம்மாவுக்கு டிமென்ஷியா என்று டாக்டர் சொல்லிவிட்டார். வெளியில் சொல்லலாமா?

சொல்லுங்கள். எல்லோரிடமும் சொல்ல வேண்டியதில்லை, ஒரே நாளிலும் சொல்ல வேண்டியதில்லை.

மறைக்கத் தொடங்கினால் வீட்டுக்கு யாரையும் கூப்பிட முடியாது. காலிங் பெல் அடித்தால் அம்மாவை உள் அறைக்கு அனுப்ப வேண்டும். போனில் யாராவது கேட்டால் “தூங்குறாங்க” என்று சொல்ல வேண்டும், மறுபடி கேட்டால் வேறொரு பொய். கொஞ்ச நாளில் கேட்கிறவர்களே கேட்பதை நிறுத்திவிடுவார்கள். பார்த்துக்கொள்கிறவரைத் தனிமையில் தள்ளுவதில் நோய்க்கு எவ்வளவு பங்கோ, அதை ஒளிப்பதற்கும் அவ்வளவு பங்கு உண்டு. நோயைக் குணப்படுத்த நம்மால் முடியாது. ஒளிப்பதை நிறுத்த முடியும்.

யாரிடம் முதலில் என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். உறவுக்காரர்களிலிருந்து தொடங்க வேண்டாம். வாட்ச்மேன், எதிர்வீட்டுக்காரர், தெருமுனை மளிகைக்கடைக்காரர், அயர்ன் வண்டிக்காரர், ஆட்டோ ஸ்டாண்டில் எப்போதும் நிற்கிறவர், வீட்டு வேலைக்கு வருகிற அக்கா. அம்மா செருப்புகூடப் போடாமல் தெருவில் இறங்கினால் முதலில் பார்க்கப்போகிறவர்கள் இவர்கள். கோயம்புத்தூரில் இருக்கும் சித்தப்பாவுக்கு அடுத்த மாதம் சொன்னால் குடி முழுகிவிடாது.

எந்த வார்த்தையில் சொல்வது?

நாலே வாக்கியம் போதும்: “அம்மாவுக்கு ஞாபக மறதி நோய். மூளையில வர்ற வியாதி, டாக்டர்கிட்ட காட்டிட்டிருக்கோம். சில நேரம் வழி தெரியாம போயிடுவாங்க. தனியா வெளியில பார்த்தீங்கன்னா பேச்சு குடுத்து நிறுத்தி வெச்சுட்டு எனக்கு ஒரு போன் பண்ணுங்க.” போன் நம்பரைத் தாளில் எழுதிக் கையில் கொடுங்கள்.

கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். செய்வதற்கு ஒரு வேலை கொடுத்தால் கேட்டவர் “ஐயோ பாவம்” என்பதோடு நிற்கமாட்டார். “கொஞ்சம் வயசாயிடுச்சு, அதான்” என்று பூசி மெழுகினால் பயனில்லை. நாளைக்கு அம்மா அவரைத் திட்டினால் வேண்டுமென்றே திட்டியதாகத்தான் எடுத்துக்கொள்வார். அதே சமயம் படுக்கையில் சிறுநீர் போவது, புடவையை அவிழ்ப்பது போன்றவற்றை யாரிடமும் விவரிக்க வேண்டாம். உதவி செய்ய அந்த விவரம் தேவையில்லை. அம்மாவின் மானம் உங்கள் கையில் இருக்கிறது.

“வயசானா எல்லாருக்கும் வர்றதுதானே” என்கிறார்களே?

சாவியை எங்கே வைத்தோம் என்று மறப்பது வயது. சாவி எதற்கு என்றே தெரியாமல் கையில் வைத்துப் பார்ப்பது நோய். நாற்பது வருஷம் வைத்த சாம்பாரில் புளி ஊற்ற மறப்பது, பழகிய தெருவில் திசை தெரியாமல் நிற்பது, ஐந்து நிமிடத்துக்குள் அதே கேள்வியைப் பத்து முறை கேட்பது, பணத்தை எண்ணத் தடுமாறுவது, இவையெல்லாம் மாதக்கணக்கில் கூடிக்கொண்டே போனால் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

இன்னொரு காரணத்துக்காகவும் காட்ட வேண்டும். வைட்டமின் பி12 குறைவு, தைராய்டு சுரப்புக் குறைவு, மனச்சோர்வு, விழுந்து அடிபட்டுத் தலைக்குள் ரத்தம் கட்டுதல் ஆகியவையும் இதேபோல் தோன்றும், இவற்றுக்கு வைத்தியம் உண்டு. சளிக்கும் அரிப்புக்கும் தூக்கத்துக்கும் மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் சில மாத்திரைகளே முதியவர்களின் புத்தியை மந்தமாக்கும். அதனால் வீட்டிலிருக்கும் எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். ரத்தப் பரிசோதனையும் மூளை ஸ்கேனும் எழுதுவார்கள், தட்டிக்கழிக்காதீர்கள்.

நேற்று வரை ஓரளவு நன்றாக இருந்தவர் இரண்டே நாளில் தலைகீழாகக் குழம்பிப்போனால் அதை “டிமென்ஷியா முத்திடுச்சு” என்று விட்டுவிடக்கூடாது. சிறுநீர்த் தொற்று, சோடியம் குறைவு, நீர்ச்சத்துக் குறைவு, நாலைந்து நாள் மலச்சிக்கல், புதிதாகத் தொடங்கிய மாத்திரை, இவற்றில் ஏதோ ஒன்றாக இருக்கலாம். அக்னி நட்சத்திரத்தில், பிரஷருக்கு நீர் பிரிக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்களிடம் இன்னும் கவனம் வேண்டும். அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

சொந்தக்காரர்கள் வந்தால் மாமியார் நன்றாகப் பேசுகிறார். நான் பொய் சொல்கிறேன் என்று நினைக்கிறார்கள்.

மருமகள்கள் அதிகம் கேட்கும் கேள்வி. நோயின் ஆரம்பக் கட்டத்திலும் நடுக்கட்டத்திலும் இது வழக்கமாக நடப்பதுதான். “வாங்க, எப்ப வந்தீங்க, பசங்க என்ன படிக்கிறாங்க, காபி குடிங்க” என்பதெல்லாம் அறுபது வருஷம் பழகிய பேச்சு, நினைவு தேவையில்லாமலே வாயில் வரும். வந்தவர் முன்னால் தன்னைச் சேர்த்துப் பிடித்துக்கொள்ள ஒரு மணி, இரண்டு மணி நேரம் முடியும். அவர்கள் போனபின் களைத்துப்போய்ச் சாயங்காலம் வழக்கத்தைவிட மோசமாக இருப்பார். அதைப் பார்க்க அவர்கள் இருக்கமாட்டார்கள்.

வாதம் செய்து நிரூபிக்க முயலாதீர்கள். வந்தவர் எதிரில் “இன்னைக்கு என்ன கிழமை சொல்லுங்க அத்தை” என்று பரீட்சை வைப்பது அவரை அவமானப்படுத்தும், உங்களைக் கொடுமைக்காரியாகக் காட்டும். இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, சந்தேகப்படுகிற நாத்தனாரை ஒரு ராத்திரி தங்கச் சொல்லுங்கள். சண்டைக் குரல் வேண்டாம். “அண்ணி, சனிக்கிழமை அம்மா ரூம்ல நீங்க படுத்துக்குங்க, நான் ஒரு நாள் தூங்கிக்கிறேன்” என்று கேளுங்கள். மாலை நாலு மணியிலிருந்து காலை ஆறு மணி வரை இருந்தவர் அப்புறம் விளக்கம் கேட்பது அபூர்வம். இன்னொன்று, டாக்டரைப் பார்க்கப் போகும்போது அவரையும் அழைத்துப்போங்கள். நீங்கள் நூறு முறை சொன்னதை டாக்டர் ஒரு முறை சொன்னால் போதும் என்பது எரிச்சல்தான். ஆனால் வேலை நடக்கும்.

வீடியோ எடுப்பது மருத்துவருக்குப் பயன்படும். அரை நிமிடம் போதும், தேதியும் நேரமும் குறித்துவையுங்கள். குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் மட்டும் போடாதீர்கள். அது எங்கெல்லாம் போகும் என்று யாருக்கும் தெரியாது.

“மருமக சோறே போடல”, “நகையைத் திருடிட்டா” என்று பக்கத்து வீட்டில் சொல்லிவிடுகிறார். தலை நிமிர முடியவில்லை.

சாப்பிட்டது அவருக்கு நினைவில்லை. பசி இருக்கிறது, தட்டு இல்லை, ஆகவே யாரும் போடவில்லை என்பது அவர் கணக்கு. அவர் பொய் சொல்லவில்லை என்பதை முதலில் நீங்கள் நம்ப வேண்டும். அதுதான் கஷ்டம்.

சாப்பிட்டு முடித்ததும் தட்டை உடனே எடுத்துக் கழுவாதீர்கள். முக்கால் மணி நேரம் கண்ணெதிரே இருக்கட்டும். எழுத்துப் படிக்க வருமென்றால் ஒரு ஸ்லேட்டில் “காலை 8.30, 3 இட்லி, சட்னி” என்று அவர் கையாலேயே எழுதவையுங்கள். அப்படியும் கேட்டால் “இப்பதானே சாப்பிட்டீங்க” என்று சொல்லாமல், அரை இட்லியோ ஒரு வாழைப்பழமோ கொடுத்துவிடுங்கள். சர்க்கரை நோய் இருந்தால் வெள்ளரித் துண்டு, மோர். காலை மூன்று இட்லியை இரண்டாகக் குறைத்து மூன்றாவதை இதற்கென்று ஒதுக்கினால் அளவும் கூடாது.

நகை விஷயத்தில் முந்திக்கொள்ள வேண்டும். விலையுயர்ந்ததை லாக்கருக்கு மாற்றிவிட்டு, அதே மாதிரி கவரிங் வளையலும் சங்கிலியும் வாங்கிக் கொடுங்கள். “காணோம்” என்றால் “யார் எடுப்பா இங்க?” என்று கேட்காதீர்கள். “வாங்க, சேர்ந்து தேடலாம்” என்று எழுந்திருங்கள். அரிசி டிரம், தலையணை உறை, பூஜை அறையில் சாமி படத்துக்குப் பின்னால், பழைய மஞ்சப்பை, பீரோவில் மடித்த புடவைக்குள் என்று ஒளித்துவைக்கும் இடங்கள் ஒவ்வொருவருக்கும் நாலைந்துதான் இருக்கும். ஒரு மாதத்தில் உங்களுக்கு மனப்பாடமாகிவிடும். கிடைத்ததும் அவர் கையாலேயே எடுக்கவிடுங்கள்.

பக்கத்து வீட்டுக்காரரிடம் அவர் புகார் சொன்ன பிறகு போய் விளக்கினால் குற்றவாளி சமாதானம் சொல்வதுபோல் ஆகிவிடும். அதற்கு முன்பே, “சாப்பிட்டதை மறந்துட்டு சாப்பிடலன்னு சொல்வாங்க, அந்த வியாதியே அப்படித்தான்” என்று சொல்லிவைத்திருக்க வேண்டும். வேலைக்கு வருகிற அக்காவிடமும் சேர்ந்த அன்றே சொல்லுங்கள். திருட்டுப் பட்டம் கட்டப்பட்டு அழுதுகொண்டே வேலையை விட்டுப்போகிறவர்கள் நிறைய.

யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்று பெரியப்பா சொல்கிறார். மந்திரிக்கக் கூட்டிப்போகலாமா?

கோயிலுக்குக் கூட்டிப்போவதில் தப்பே இல்லை. பழகிய சன்னதி, பழகிய பாட்டு, கற்பூர வாசனை எல்லாம் பலரை அமைதிப்படுத்தும். கூட்டமில்லாத நேரமாகப் பார்த்துப் போங்கள். மயிலாப்பூரில் பங்குனித் திருவிழா நாளில் வேண்டாம். ஆனால் பட்டினி போடுவது, கட்டிவைப்பது, வேப்பிலையால் அடிப்பது, கண்ணில் எலுமிச்சை பிழிவது, மாத்திரையை நிறுத்தச் சொல்வது, இதில் எது வந்தாலும் அங்கிருந்து கிளம்பிவிடுங்கள். பெரியப்பாவிடம் சண்டை போடாமல், “திருநீறு பூசுவோம், மாத்திரையும் தருவோம்” என்று முடித்துக்கொள்ளலாம்.

எங்கே காட்டுவது? மனநல டாக்டர் என்றாலே வீட்டில் பயப்படுகிறார்கள்.

“கீழ்ப்பாக்கம் கேஸு” என்பதை வசவாகவே சென்னை பழகிவிட்டது. 1794இல் தொடங்கிய அந்த மனநலக் காப்பகத்தின் மேல் விழுந்த பழி, இன்றும் பல வீடுகளில் வைத்தியத்தைத் தள்ளிப்போடவைக்கிறது. நரம்பியல் மருத்துவர், மனநல மருத்துவர், முதியோர் மருத்துவர் என மூவருமே டிமென்ஷியாவைப் பார்ப்பார்கள். நடை தளர்வு, கை நடுக்கம், பக்கவாதம் இருந்தால் நரம்பியலில் தொடங்குங்கள். சந்தேகம், பயம், இல்லாத ஆட்களைப் பார்ப்பது, தூங்காமல் நடப்பது இருந்தால் மனநல மருத்துவர் தேவைப்படுவார். வீட்டில் எதிர்ப்பு இருந்தால் “ஜெனரல் செக்கப்” என்று சொல்லி முதியோர் மருத்துவரிடம் போவது சுலபம்.

சென்ட்ரல் எதிரே உள்ள ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையில் இத்துறைகள் உள்ளன. கிண்டியில் கிங் இன்ஸ்டிடியூட் வளாகத்தில் முதியோருக்கென்றே தேசிய முதியோர் நல மையம் 2024இல் திறக்கப்பட்டது. 1984இல் மருத்துவர் சாரதா மேனன் தொடங்கிய ஸ்கார்ஃப் என்ற மனநல நிறுவனத்தில் டெம்கேர்ஸ் என்ற டிமென்ஷியாப் பிரிவு இயங்குகிறது. கேரளத்தில் 1992இல் தொடங்கிய அல்சைமர் சங்கத்துக்கும் சென்னைக் கிளை உண்டு (அல்சைமர் என்பது டிமென்ஷியாவில் அதிகம் பேருக்கு வரும் வகை).

டோனெபெசில், ரிவாஸ்டிக்மின், மெமண்டைன் போன்ற மருந்துகள் சிலருக்குச் சில காலம் சற்றுத் தெளிவு தரும், நோயை நிறுத்தாது. டோனெபெசில் நாடித்துடிப்பைக் குறைக்கக்கூடும், பேதியும் கெட்ட கனவும் வரலாம். அமைதிப்படுத்தத் தரும் மாத்திரைகள் விழுவதையும் பக்கவாத அபாயத்தையும் கூட்டும். ஆகவே “எவ்வளவு நாளைக்கு? எப்போது குறைப்பீர்கள்?” என்று எழுதித் தரும்போதே கேளுங்கள். இல்லாத ஆட்களைப் பார்ப்பதும் உடல் விறைப்பும் சேர்ந்து இருந்தால் அதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். அந்த வகை டிமென்ஷியாவுக்கு ஹாலோபெரிடால் என்ற அமைதிப்படுத்தும் மருந்து ஆபத்தானது.

மகளுக்கு வரன் பார்க்கிறோம். பாட்டிக்கு இந்த நோய் என்று தெரிந்தால்?

எழுபது, எண்பது வயதில் வரும் டிமென்ஷியாவில், நெருங்கிய உறவில் ஒருவருக்கு இருந்தால் மற்றவர்களுக்கு வாய்ப்பு ஓரளவு கூடும், அவ்வளவுதான். ஒற்றை மரபணுவால் நேரடியாகப் பிள்ளைகளுக்கு இறங்கும் அல்சைமர் நூற்றில் ஒன்றுக்கும் குறைவு, அது பெரும்பாலும் 65 வயதுக்கு முன்பே தொடங்கிவிடும். குடும்பத்தில் இரண்டு மூன்று பேருக்கு ஐம்பதுகளிலேயே வந்திருந்தால் மட்டும் நரம்பியல் மருத்துவரிடம் தனியாகக் கேளுங்கள். ரத்த அழுத்தம், சர்க்கரை, கேட்கும் திறன் குறைவு, புகை, தனிமை உள்ளிட்ட 14 காரணங்களைச் சரிசெய்தால் 45 சதவீத நோயைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ வாய்ப்புண்டு என்று லான்செட் மருத்துவ இதழின் நிபுணர் குழு 2024இல் கணக்கிட்டது.

நிச்சயதார்த்தத்துக்கு முன்பே சாதாரணக் குரலில் சொல்லிவிடுங்கள். பாட்டியை அன்றைக்கு மட்டும் வேறு வீட்டில் கொண்டுபோய் விடுவது பல குடும்பங்கள் செய்வதுதான். பழகாத வீட்டில் அவர் மிரண்டுபோவார், அதைச் சமாளிக்க ஆள் இருக்காது. ஒளித்தது பிறகு தெரிந்தால், மறதியைவிட ஒளித்ததே பெரிய பேச்சாகும்.

ராத்திரியில் கத்துகிறார். மாடி வீட்டில் புகார், ஹவுஸ் ஓனர் காலி செய்யச் சொல்கிறார்.

ஓனரிடம் மருத்துவச் சான்றின் நகலோடு நேரில் போங்கள். போனில் பேச வேண்டாம். “சத்தத்தைக் குறைக்க இதெல்லாம் செய்றோம்” என்று பட்டியல் சொன்னால் பெரும்பாலும் அவகாசம் கிடைக்கும்.

சத்தம் குறைய: பகலில் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் தூங்கவிடாதீர்கள். காலை வெயிலில் அரை மணி நேரம் நடை. மதியம் இரண்டு மணிக்குமேல் காபி, டீ வேண்டாம். சாயங்காலம் ஐந்தரைக்கே எல்லா விளக்கையும் போட்டுவிடுங்கள், நிழல் விழுந்தால் பயப்படுவார்கள். டிவி செய்தியில் அலறுவதை அணையுங்கள். படுக்கும் முன் கழிப்பறை, கழிப்பறைக்குப் போகும் வழியில் சின்ன விளக்கு. கத்துகிறவருக்கு எங்காவது வலிக்கிறதா என்றும் பாருங்கள். பல், மூட்டு, மலச்சிக்கல், ஈரமான டயபர் என எதையும் அவரால் வார்த்தையில் சொல்ல முடியாமல் இருக்கலாம்.

காணாமல் போய்விட்டால்?

முதல் பத்து நிமிடம் வீட்டுக்குள்ளும் கட்டடத்துக்குள்ளும் தேடுங்கள்: மொட்டைமாடி, லிஃப்ட், பார்க்கிங்கில் கார்களுக்கு நடுவில், மற்ற மாடிகளில் இதே கதவு எண் உள்ள இடங்கள். அதற்குமேல் தாமதிக்காமல் 100 அல்லது 112. இருபத்துநாலு மணி நேரம் கழித்துத்தான் புகார் வாங்குவார்கள் என்பது தவறு. முதியோர் உதவி எண் 14567ஐயும் அழையுங்கள், காலை 8 முதல் இரவு 8 வரை இயங்கும்.

“வீட்டுக்குப் போகணும்” என்று அடிக்கடி சொல்கிறவர் பழைய வீட்டையோ பழைய ஆபீசையோ நோக்கித்தான் கிளம்பியிருப்பார். சென்னையில் ஒரு விஷயத்தைப் பலர் யோசிப்பதில்லை. 2021 முதல் சாதாரண மாநகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. கையில் காசே இல்லாத அம்மா வண்டலூர்வரை போய்விட முடியும், கண்டக்டருக்குச் சந்தேகமே வராது. எனவே பக்கத்துத் தெருக்களில் ஒருவர் தேடும்போதே இன்னொருவர் பஸ் ஸ்டாப்பில் விசாரித்து, அந்த ரூட்டுகள் போய்ச் சேரும் டெர்மினஸ்களுக்குச் சொல்ல வேண்டும். மூன்றாமவர் வீட்டிலேயே போனோடு இருக்க வேண்டும்.

முன்கூட்டியே: தினமும் காலையில் உடை மாற்றியதும் ஒரு முழு உருவப் போட்டோ. கழுத்துச் சங்கிலியில் டாலராகவோ, புடவை உள்பாவாடை ஓரத்திலோ சட்டைக் காலரின் உள்ளேயோ தைத்த துணிப் பட்டையாகவோ இரண்டு போன் நம்பர். பையில் வைக்கும் கார்டு பயன்படாது, பையை எங்கேயாவது வைத்துவிடுவார். வெளிக்கதவுத் தாழ்ப்பாளைக் கண் பார்வைக்கு மேலேயோ தரையை ஒட்டியோ மாற்றினால் பலரால் திறக்க முடிவதில்லை. ஆள் இல்லாமல் வெளியே பூட்டு போட்டுவிட்டுப் போகக்கூடாது, தீ பிடித்தால் வழியில்லை.

கல்யாணம், விசேஷங்களுக்கு அழைத்துப்போகலாமா?

முகூர்த்தத்துக்கு வேண்டாம், முந்தின நாளோ மறுநாளோ வீட்டில் போய்ப் பார்க்கலாம். மண்டபத்துக்குப் போயே ஆக வேண்டுமென்றால் ஒரு மணி நேரம், நாதஸ்வரத்துக்கும் ஸ்பீக்கருக்கும் தள்ளி ஓர நாற்காலி, முதல் பந்தி, கூடவே மாற்று உடை. “என்னைத் தெரியுதா?” என்று கேட்டுக்கொண்டு வருகிறவர்களைத் தடுப்பது உங்கள் வேலை. “அம்மா, பெரம்பூர் கமலா வந்திருக்காங்க” என்று நீங்களே பெயரைச் சொல்லிவிடுங்கள்.

நீங்கள் மட்டும் போக முடிந்தால் போய்விட்டு வாருங்கள். “அம்மாவை விட்டுட்டு இவ மட்டும் பட்டுப்புடவை கட்டிட்டு வந்துட்டா” என்று ஒருவர் சொல்லத்தான் செய்வார். அவர் உங்கள் வீட்டில் ஒரு ராத்திரி தங்கியவராக இருக்கமாட்டார்.

அண்ணன் அமெரிக்காவில். பணம் அனுப்புகிறான், வீடியோ காலில் அறிவுரை சொல்கிறான். உதவி கேட்டால் சண்டைதான் வருகிறது.

“நீ எதுவுமே செய்றதில்ல” என்று தொடங்கினால் சண்டைதான் வரும். தொலைவிலிருந்தே செய்யக்கூடிய வேலைகளைப் பிரித்து முழுதாக ஒப்படையுங்கள்: மாத்திரையும் டயபரும் ஆன்லைனில் ஆர்டர் போடுவது, கரண்ட் பில், இன்சூரன்ஸ், டாக்டர் அப்பாயின்ட்மென்ட், அட்டெண்டர் வராத நாளில் ஏஜென்சியோடு பேசுவது, தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு அம்மாவோடு இருபது நிமிடம் வீடியோவில் பழைய பாட்டுப் பாடுவது. அந்த இருபது நிமிடத்தில் நீங்கள் குளித்துவிடலாம். லீவில் வரும்போது ஹோட்டலிலும் மாமனார் வீட்டிலும் தங்காமல் ஒரு வாரம் அம்மாவோடு இருந்து உங்களை ஊருக்கு அனுப்ப வேண்டும் என்பதை டிக்கெட் போடும் முன்பே பேசிவிடுங்கள்.

உள்ளூர்க்காரர்களிடமும் இதே முறைதான். “ஏதாவது உதவி வேணும்னா சொல்லு” என்கிறவரிடம் “செவ்வாய்க்கிழமை பதினொண்ணுலேர்ந்து ஒண்ணு வரைக்கும் அம்மாகூட உட்கார முடியுமா? நான் பேங்க் போயிட்டு வந்துடறேன்” என்று நாளும் மணியும் சொல்லிக் கேளுங்கள்.

பேசவே ஆள் இல்லை. நாலு சுவருக்குள் வருஷக்கணக்கில் இருக்கிறேன்.

கணவரைப் பார்த்துக்கொள்ளும் மனைவிகளுக்கு இது இரட்டைச் சுமை. எதுவானாலும் யாரிடம் கேட்டு முடிவெடுத்தோமோ அவரே இப்போது எதிரில் உட்கார்ந்துகொண்டு “நீ யாரு?” என்கிறார். இறந்தவருக்குத் துக்கம் விசாரிக்க ஊரே வரும், இந்தத் துக்கத்துக்கு யாரும் வருவதில்லை.

வாரத்தில் இரண்டு முறை, இரண்டு மணி நேரம், நாள் மாறாமல் வெளியே போவதற்கு ஏற்பாடு செய்யுங்கள். காய்கறி வாங்கப் போவது இதில் சேராது. பார்க்கோ, பீச்சோ, கச்சேரியோ, தோழி வீடோ. “முடிஞ்சப்ப போறேன்” என்றால் முடியவே முடியாது, கிழமை குறித்தால்தான் நடக்கும். நோயைப் பற்றிக் கேட்காத ஒரு நண்பர், நோயைப் பற்றி மட்டுமே பேசக்கூடிய இன்னொரு பராமரிப்பாளர் என இருவரையும் தக்கவைத்துக்கொள்ளுங்கள். பராமரிப்பாளர் குழுக்கள் பற்றி அல்சைமர் சங்கக் கிளையிலும் டெம்கேர்ஸிலும் கேட்கலாம். வாட்ஸ்அப் குழுக்களில் ஆறுதலும் உண்டு, “மறதியை முழுதாகக் குணமாக்கும்” லேகியமும் ஸ்டெம் செல் ஊசியும் விற்கிறவர்களும் உண்டு. பணம் கேட்டால் விலகுங்கள்.

உங்கள் சொந்த பிபி, சர்க்கரை, பல், கண் பரிசோதனை எதையெல்லாம் ஒரு வருஷமாகத் தள்ளிப்போட்டிருக்கிறீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். படுத்தபடுக்கையானவருக்கு, மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வலி தணிப்பு சிகிச்சையும் பிசியோதெரபியும் வீட்டுக்கே வர வழி உண்டு, பக்கத்து நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். தூக்கமின்மை, அழுகை, எதிலும் பிடிப்பின்மை இரண்டு வாரத்துக்குமேல் நீடித்தால் நீங்களும் ஒரு மருத்துவரைப் பார்க்க வேண்டும். செத்துவிடலாம் என்றோ இரண்டு பேருமே போய்விடலாம் என்றோ தோன்றினால் அன்றே 14416ஐ அழையுங்கள். டெலி மானஸ் என்ற அரசு சேவை, 24 மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம்.

கோபத்தில் கை நீட்டிவிட்டேன்.

இதைக் கேட்கிறவர்கள் நிறையப் பேர், பெரும்பாலும் இரவில் நாலு மணி நேரம்கூடத் தூங்காதவர்கள். அடி அடிதான், அதற்கு நியாயம் இல்லை. ஆனால் வெட்கத்தில் மூடிவைத்தால் மறுபடி நடக்கும். எந்த வேலையின்போது நடந்தது என்று பாருங்கள். குளிப்பாட்டும்போது என்றால் வாரம் இரண்டு முறை குளியல் போதும், மற்ற நாள் வெந்நீரில் நனைத்த துண்டால் துடைத்துவிடுங்கள். தலையில் நேரே தண்ணீர் ஊற்றாமல் காலிலிருந்து தொடங்குங்கள். கை ஓங்கத் தோன்றினால் அவர் பத்திரமாக உட்கார்ந்திருக்கிறாரா என்று பார்த்துவிட்டுப் பால்கனிக்குப் போய்விடுங்கள், ஐந்து நிமிடத்தில் அவர் மறந்திருப்பார். இன்னொரு முறை நடந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள், ஆள் மாற்ற வேண்டிய நேரம் வந்துவிட்டது.

ஆள் வைப்பதா, ஹோமில் சேர்ப்பதா? ஊர் என்ன சொல்லும்?

ஆள் வைத்தால் முதல் மூன்று நாள் நீங்களும் கூடவே இருங்கள். “உங்களைப் பார்த்துக்க வந்திருக்காங்க” என்று அறிமுகப்படுத்தினால் அம்மா விரட்டிவிடுவார். “என் ஃப்ரெண்ட், ஒரு வேலையா தங்கியிருக்காங்க” என்றால் ஒத்துக்கொள்வார். தமிழ் பேசுகிறவரா, லீவு போட்டால் மாற்று ஆள் யார், ஏஜென்சி கமிஷன் போக அவர் கைக்கு எவ்வளவு போகிறது, சாப்பாடு யார் பொறுப்பு என்பதையெல்லாம் எழுத்தில் வாங்குங்கள். கைக்கு வருவது சொற்பமாக இருந்தால் நல்ல ஆள் நிலைக்கமாட்டார்.

ஹோம் பார்க்கப் போனால் சொல்லாமல் இரவு ஏழு மணிக்குப் போங்கள். இரவில் எத்தனை பேருக்கு எத்தனை ஊழியர், குளிக்க மறுத்தால் என்ன செய்வீர்கள், கையைக் கட்டுவீர்களா, தூக்க மாத்திரையை எழுதித் தரும் டாக்டர் யார், அவசரத்துக்கு எந்த ஆஸ்பத்திரி என்று கேளுங்கள். எந்த நேரமும் வந்து பார்க்க விடாத இடம் வேண்டாம்.

ஊர் பேசத்தான் செய்யும். வீட்டிலேயே வைத்து முதுகில் படுக்கைப் புண் வந்தாலும் பேசும். சேர்த்த பிறகு வாரம் இருமுறை அம்மாவுக்குப் பிடித்த பலகாரத்தோடு போய்த் தலை வாரிவிட்டு வருகிற மகன், வீட்டில் எரிந்து விழுந்துகொண்டிருந்த மகனைவிட மேல் என்பது எங்கள் கருத்து.

பேங்க், கையெழுத்து, வரி?

ஆரம்பக் கட்டத்திலேயே செய்ய வேண்டியவை இவை. பவர் ஆஃப் அட்டர்னி வாங்கியிருக்கிறோம் என்று பலர் நிம்மதியாக இருக்கிறார்கள். 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 201ஆம் பிரிவுப்படி, கொடுத்தவர் மனத்தெளிவை இழந்தால் அந்த அதிகாரம் முடிந்துவிடும். தெளிவு இருக்கும்போதே கணக்கை இருவரில் யாரும் இயக்கக்கூடிய கூட்டுக் கணக்காக மாற்றுங்கள், நாமினி பதியுங்கள். உயில் எழுதுவதென்றால் அன்றைய தேதியில் மனத்தெளிவு உண்டு என்ற மருத்துவச் சான்றோடு எழுதுங்கள். காலம் கடந்துவிட்டால் உயர் நீதிமன்றத்தில் மனுப் போட்டுக் காப்பாளராக நியமனம் பெற வேண்டியிருக்கும்.

1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 80டிடிபி பிரிவில் டிமென்ஷியா உண்டு. குறைபாடு 40 சதவீதமாவது இருந்து, நரம்பியல் நிபுணர் சான்று தந்தால், மூத்த குடிமகனுக்கான சிகிச்சைச் செலவில் ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய்வரை கழிக்கலாம், பழைய வரிமுறையில் இருப்பவர்களுக்கு மட்டும். 2025இல் புதுச் சட்டம் வந்து பிரிவு எண்கள் மாறியிருப்பதால் ஆடிட்டரிடம் சரிபாருங்கள்.

அவர் எதிரிலேயே அவரைப் பற்றிப் பேசலாமா?

வேண்டாம். வார்த்தை புரியாவிட்டாலும் குரலும் முகமும் புரியும். டாக்டரிடம் சொல்ல வேண்டியதைத் தாளில் எழுதி உள்ளே போகும் முன் நர்ஸிடம் கொடுத்துவிடுங்கள். போனில் பேசுவதென்றால் மொட்டைமாடிக்குப் போய்ப் பேசுங்கள்.